சைகோன் பிடி

காலையில் பழைய சோறும் சுட்ட கருவாடும் கிடைத்துவிட்டால் மத்தியானம் வரை நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன், ஐயா. இன்றைக்கும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஆகவே நிதானமாகப் பேசுவேன். எழுதுகிறவரும் பேனாவை மெல்ல ஓட்டட்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

என் பேர் இன்னாசிமுத்து. சைகோன் சிறைச்சாலையில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு வில்லியனூருக்குத் திரும்பியவன். இந்த ஊரில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. மாடுகள்கூட என்னைக் கண்டால் வழி விடும். இதை நீங்கள் மிகை என்று நினைப்பீர்கள். மிகைதான். எதைச் சொன்னாலும் கொஞ்சம் ஊதிச் சொல்வது என் வழக்கம். நான் சைகோனில் பிடித்த மீன் வருஷத்துக்கு ஒரு முழம் வளருகிறது என்று என் பெண்டாட்டி காசம்மாள் சொல்வாள். நடுக்கடலில் எங்கள் கப்பலில் ஒரு திமிங்கிலம் வந்து முதுகைச் சொறிந்துகொண்டு போனது என்பேன். அந்தச் சீமையில் கொசுவுக்குச் சங்கிலி போட்டுத்தான் கட்டுவார்கள் என்பேன். கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்துவான். சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரையேறி, முதுகில் குத்த வேண்டியதாயிற்று. உப்பில்லாத கதையை எவன் கேட்பான்? திமிங்கிலத்தால் ஊரில் யாருக்கும் ஒரு குண்டுமணி நஷ்டமும் வந்ததில்லை.

நீங்கள் கேட்பது பக்கிரியின் கையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். அதற்கு முன்னால் ஜப்பான்காரன் கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். அது இல்லாமல் இது விளங்காது.

பெரிய யுத்தம் முடிந்த சமயம், சைகோன் சிறைச்சாலைக் காவலாளிகளுக்குப் பிடி சொல்லிக் கொடுக்க ஒரு ஜப்பான்காரனை வரவழைத்திருந்தார்கள். ஆள் என் இடுப்புக்கு இருப்பான். அவன் சண்டை போடுகிற விதம் நம் ஊர்க் குஸ்திக்கு நேர் எதிர். இங்கே முதுகில் மண் ஒட்டினால் தோற்றவன். எழுந்து தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனோ தானாகவே மல்லாந்து படுத்துக்கொண்டு, வா என்பான். மேலே பாய்ந்தவனின் இடுப்பை இரண்டு காலாலும் வளைத்து, பாதங்களை அவன் முதுகுக்குப் பின்னால் பூட்டிவிடுவான். பிறகு அவன் கை ஒன்றைத் தன் அக்குளில் இடுக்கி, முழங்கைக்கு மேலாகத் தன் கையைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொள்வான். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு மேலே இருப்பவன் ஜெயித்த மாதிரி இருக்கும். அவன் கையோ பொறியில் எலி.

இதுவரை சொன்னது உண்மை. இனிமேல் வருவது கள்ளுக்கடையில் நான் சொல்லி வந்தது.

ஜப்பான்காரன் என் கையை அப்படிப் பூட்டினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மல்லாட்டைச் செடியை வேர்க்கடலைக் கொத்தோடு பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பாகப் பின்னால் இழுத்தேன். கையோடு ஜப்பான்காரனும் காய்க் கொத்து மாதிரி ஆடிக்கொண்டு மேலே வந்தான். உதறிய உதறலில் போய் விழுந்தான். எழுந்து வந்து, இடுப்பு வரைக்கும் குனிந்து என்னைக் கும்பிட்டு, ஜப்பான் தேசத்திலேயே இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்றான். எந்த பாஷையில் சொன்னான் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவன் பக்கிரி. கரும்பு போடுகிறவன். அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சங்கராபரணி ஆற்று மணலில் அவன் குஸ்தி போட இறங்கினால் எதிர்க்கரைக்காரன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். இதை நான் ஊதிச் சொல்லவில்லை.

"மாமா, அந்தப் புடுங்கின கதையச் சொல்லு."

"எத்தினி வாட்டிடா கேப்ப?"

"ஒடம்புல ஏற வேணாமா?"

உடம்பில் ஏற்றிக்கொண்டான். ராமு என்கிற கூட்டாளியை மணலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தன் கையை இடுக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பான். ராமுவுக்கு அந்தப் பிடி என்னவென்றே தெரியாது. ஏதோ குடையை இடுக்குவது போல் இடுக்குவான். கை வந்துவிடும். வந்ததும் பக்கிரி ஓடி வந்து, "மாமா, வந்துடுச்சி" என்பான். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். அவனுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை என் சொந்த மகனுக்கு இருந்ததில்லை. அது ஒரு சுகம், ஐயா. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அந்த மாதிரி சுகம் லேசில் கிடைக்காது.

இந்தச் சமயத்தில்தான் அரங்கநாதன் வந்து சேர்ந்தான்.

கிருமாம்பாக்கத்துப் பிள்ளை. என்னோடு அதே சிறைச்சாலையில் காவலாளியாக இருந்தவன். காய்ச்சல் விடாமல் வந்ததால் வேலையை விட்டுவிட்டு, பெண்டாட்டி ஊரான வில்லியனூருக்கே வந்துவிட்டான். ஒல்லியான ஆள். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதை விழுங்கிவிடுவான். அந்த ஜப்பான்காரனிடம் கடைசி வரை இருந்து வித்தை கற்றவன் அவன்தான். எனக்கு அது தெரியும்.

அவன் வந்த கொஞ்ச நாளிலேயே பக்கிரி அவனைக் கள்ளுக்கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். நான் இருக்கும்போதே கேட்டான்.

"எங்க மாமா ஜப்பான்காரன் புடியிலேர்ந்து கையப் புடுங்கிக்கினாரே, நீங்க அங்க இருந்தீங்களாமே?"

அரங்கநாதன் என்னைப் பார்த்தான். நான் பானையைப் பார்த்தேன்.

"இன்னாசிமுத்து அண்ணன் எங்களுக்கெல்லாம் மூத்தவரு" என்றான். சொல்லிவிட்டுக் கலயத்தை வாயில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு எனக்குக் கள் இறங்கவில்லை. அவன் பொய் சொல்லாமலே என்னைக் காப்பாற்றிவிட்டான். ஒருவன் என்னைக் காப்பாற்றினான் என்றால், நான் விழ இருந்தேன் என்று அவனுக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம். அதை நினைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷா வருஷம் பிரெஞ்சுக்காரன் பண்டிகையான ஜூலை பதினாலுக்கு, நகரத் தலைவர் மேருடைய ஆபீஸ் எதிரில் இருக்கிற திடலில் பிரெஞ்சுக் கொடி ஏற்றி, வழுக்குமரம், சாக்கு ஓட்டம், குஸ்தி எல்லாம் வைப்பார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த வருஷம் மேர் காதுக்குச் சைகோன் பிடி எட்டிவிட்டது. ஒரே ஊரில் பிடி போடத் தெரிந்தவன் ஒருவன், பிடியிலிருந்து தப்பத் தெரிந்தவனின் சிஷ்யன் ஒருவன். விடுவாரா? அரங்கநாதன் பக்கிரியின் கையைப் பூட்ட வேண்டும், பக்கிரி விடுவித்துக்கொண்டால் அவனுக்கு ஒரு செம்மறிக்கடா என்று தமுக்குப் போட்டாயிற்று. அரங்கநாதன் முடியாது என்றுதான் சொன்னானாம். மேர் விடவில்லை.

பண்டிகைக்கு முன் ஒரு நாள், காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அரங்கநாதன் என் வீட்டுக்கு வந்தான். காசம்மாள் மோர் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். அவன் மோரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

"அந்தப் புடியில பின்னால இழுத்தா கை நீளும். நீண்டுடுச்சின்னா நான் ஒண்ணும் பண்ண வேணாம். அவனே ஒடிச்சிக்குவான். பலசாலியா இருந்தா இன்னும் சீக்கிரமா ஒடியும்."

நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"கட்டுன மாடு பின்னால இழுத்தா கவுறு இறுகும். முன்னால வந்தா தளரும். அவ்ளோதான் சங்கதி. அவன் உள்ள வரணும். நெஞ்ச எம் மேல வச்சி அழுத்தி, முழங்கையத் தன் விலாவோட ஒட்டிக்கினு, கட்டைவிரலத் தன் காதுப் பக்கமாத் திருப்பணும். முட்டிய நெருக்கி எம் மேல ஏறிட்டான்னா கை தானா வழுக்கிக்கினு வந்துடும். நான் சொன்னா கேக்க மாட்டான், நான் எதிராளி. நீங்க சொல்லுங்க. உங்க வித்தைன்னே சொல்லுங்க."

"ஏன், அவன் கடாவ ஜெயிச்சா உனக்கு இன்னா லாபம்?"

"லாபம் இன்னா இருக்குது. நான் காய்ச்சல்காரன், எனக்குக் கடா வேணாம். அவன் கை முழுசா இருக்கணும்." மோரைக் குடித்து வைத்தான். எழுந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சைகோன் சங்கதி எதையும் நான் யாருகிட்டயும் பேசப் போறதில்லண்ணே. அதுக்குன்னு நீங்க கவலப்பட வேணாம்."

இதைவிட மரியாதையாக ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு வழி விட முடியாது. அதை நான் அப்போதே உணர்ந்தேன். சரி தம்பி, சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தும் இருந்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக ஊருக்கே சொல்லி வைத்தது இழுப்பு. சந்தைக்கு வருகிற பொம்பளைகள்கூட மூட்டை சிக்கிக்கொண்டால், "இன்னாசிமுத்து இழுப்பு இழுடி" என்பார்கள். இப்போது போய், இழுக்காதே, எதிராளியைக் கட்டிக்கொண்டு அவன் மேல் படுத்துக்கொள் என்று சொன்னால், அப்போ அந்த இழுப்பு என்ன ஆயிற்று என்று பக்கிரி கேட்பான். அவன் கேட்டால் கள்ளுக்கடை கேட்கும். கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை, ஐயா. அதிலும் நம் குஸ்திக்காரன் கீழே கிடப்பவன் மேல் தலையைச் சாய்க்க மாட்டான். அது அவனுக்கு மானக்கேடு. இழுப்பு என்றால் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். என் கதை இவ்வளவு காலம் நின்றதே அதனால்தான்.

சாயங்காலம் பக்கிரி வந்தான். கரும்புத் தோகையின் சுணை ஒட்டி, கையெல்லாம் கீறலாக இருந்தது.

"மாமா, அரங்கநாதன் வந்துட்டுப் போனாராமே. இன்னா சொன்னாரு?"

அப்போது நான் சொன்ன பதிலை எழுதுகிறவர் கவனமாக எழுதிக்கொள்ளட்டும்.

"வேவு பாக்க வந்தான்டா. நீ இழுப்பேன்னு அவனுக்குப் பயம். களத்துல படுத்துக்கினு, இழுக்காத, உள்ள வா, உள்ள வான்னு சொல்லுவான். கேட்டுடாத. அதுதான் அவன் தந்திரம். அந்த வார்த்த காதுல வுழுந்ததும் ஒரே இழுப்பு."

பக்கிரி வாய் நிறையச் சிரித்தான். "நீ இருக்கும்போது எனக்கு இன்னா மாமா" என்றான்.

ஆக, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன் என்று மட்டும் எழுதினால் போதாது. மற்றவன் சொல்ல இருந்ததையும் முன்கூட்டியே அடைத்துவிட்டேன். ஒரு கிணற்றை மூடிவிட்டுப் பக்கத்துக் கிணற்றில் குப்பையைக் கொட்டுவது போல. இதை இப்போது உட்கார்ந்து யோசித்தால் பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்கு வாயில் வந்தது, சொன்னேன். ஒரு திமிங்கிலம் வந்து போகிற நேரம்கூட ஆகவில்லை.

பண்டிகை அன்று காலையில் பக்கிரியின் பெண்டாட்டி தனக்கொடி வழியில் என்னை நிறுத்தினாள். இடுப்பில் தண்ணீர்க் குடம்.

"மாமா, இந்த மனுஷன் கைக்கு ஒண்ணும் ஆயிடாதே? ஆடி பொறந்தா ஏரு பூட்டணும். எங்க வூட்ல வேற ஆம்பள இல்ல."

"என் கை அந்தப் புடியிலேர்ந்து வந்துச்சில்ல? இதோ பாரு" என்று என் வலது கையை நீட்டிக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். திருப்தியாகப் போனாள்.

திடலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கரியமாணிக்கத்திலிருந்து மாட்டு வண்டிகள் வந்திருந்தன. வித்தை தெரிந்தவன் என்று மேருக்குப் பின்னாலேயே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தபோது உண்மையில் வித்தை தெரிந்தவன் போலவே இருந்தது.

அரங்கநாதன் வந்து மணலில் மல்லாந்து படுத்தான். கூட்டம் சிரித்துவிட்டது.

"இன்னாடா இது, ஆம்பள புள்ள பெறப் போறானா?"

"தோத்துப்பூட்டான், எயுப்பி வூட்டுக்கு அனுப்புங்கடா."

அவன் காதில் வாங்கவில்லை. பக்கிரி தொடையைத் தட்டிக்கொண்டு வந்து அவன் கால்களுக்கு நடுவே மண்டி போட்டான். கால்கள் மேலே வந்து அவன் இடுப்பைச் சுற்றின. பாதங்கள் பூட்டிக்கொண்டன. பக்கிரியின் வலது கை அக்குளுக்குள் போயிற்று. அரங்கநாதன் தன் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியை அத்தனை வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

கூட்டம் அடங்கியதால் அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"தம்பி, இழுக்காத. உள்ள வா."

பக்கிரி சிரித்தான். நான் சொன்னது அப்படியே நடக்கிறதே என்கிற சிரிப்பு.

"தம்பி, சொல்றத கேளு. எம் மேல சாஞ்சி வா. நான் வுட்டுடறேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பக்கிரியின் சிரிப்பு நின்றது. அவன் தோள் ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்தது. சாய்ந்ததை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கை தளர்ந்திருக்கும். அதோடு அந்த இழுப்பும் என்னை விட்டுப் போயிருக்கும். பக்கிரி தலையைத் திருப்பி மேரைத் தாண்டி என்னைப் பார்த்தான். கேள்வியாகப் பார்த்தான். கோயிலில் பூசாரியைப் பார்க்கிற மாதிரி.

இழு என்று நான் தலையை ஆட்டினேன். போதாது என்று தோன்றியதால், மடியில் இருந்த கையை முஷ்டியாக்கி, செடியைப் பிடுங்குவது போல் இழுத்தும் காட்டினேன்.

அவன் ஒரு காலை ஊன்றி எழுந்தான். அரங்கநாதன் அவன் கையோடு மண்ணை விட்டு மேலே வந்தான். காய்க் கொத்து மாதிரி, ஐயா. அப்படியே என் கதை. கூட்டம் எழுந்து நின்று கூவியது. அந்த ஒரு கணம் நான் இருந்த சந்தோஷத்தில் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. நான் சொன்ன பொய் என் கண் எதிரே மெய்யாகிக்கொண்டிருந்தது.

பிறகு பக்கிரி முழுப் பலத்தையும் போட்டு இழுத்தான். அரங்கநாதன் பிடியை விட்டுக் கைகளை விரித்துவிட்டான். விரித்ததைப் பார்த்தேன், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பச்சைக் கரும்பை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை.

அந்தச் சமயம் என் மனதில் முதலில் என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு நிம்மதி தோன்றியது. இனிமேல் யாரும் அந்த இழுப்பைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள் என்று. அதற்குப் பிறகுதான் பக்கிரி அலறுவது காதில் விழுந்தது.

கூட்டம் அரங்கநாதன் மேல் விழுந்தது. படுத்துக்கொண்டு கையை ஒடித்துவிட்டான், சைகோன் சூனியக்காரன் என்று அடித்தார்கள். உங்கள் ஆட்கள் வந்து அவனைப் பிரித்து இங்கே கொண்டு வந்தார்கள். நானும் பின்னாலேயே வந்தேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொன்னேன். வித்தை அறிந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்தப் பிடியில் கை ஒடிய வேண்டிய அவசியமே இல்லை, இவன் வேண்டுமென்றே திருகினான் என்றேன். நீங்கள் என்னை மெச்சினீர்கள். விவரம் தெரிந்த சாட்சி கிடைப்பது கஷ்டம் என்றீர்கள்.

அரங்கநாதன் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சைகோன் சங்கதியை இப்போது அவிழ்த்துவிடுவான் என்று நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்.

"பையன் கை எப்படிக்கீதுண்ணே?"

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. நாம் எவ்வளவு தூரம் போனாலும் அவர்கள் நம்மைத் தடுப்பதில்லை. நானும் தடை இல்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். அவன் உள்ளே இருக்கிறான். நான் காலையில் கருவாடு தின்கிறேன்.

பக்கிரியின் கையைக் கட்டுப் போடுகிறவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டு அவிழ்த்தபோது அது அரிவாள் மாதிரி வளைந்து நின்றுவிட்டது. விரல்களில் பிடிப்பு இல்லை. ஒரு செம்பைத் தூக்கினால் செம்பு கீழே கிடக்கும்.

அவன் நேற்று என் வீட்டுக்கு வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டேன்.

"மாமா, கோச்சிக்காத. உன் மானத்த வாங்கிட்டேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"நீ அவ்ளோ வருஷமா சொல்லிக் குடுத்த. எனக்கு ஒழுங்கா இழுக்கத் தெரியில. எங்க தப்பு பண்ணேன், அத மட்டும் சொல்லு. ராத்திரியெல்லாம் அதுதான் ஓடுது. தனக்கொடி ஏரு புடிக்கிறா மாமா. ஊரே நின்னு வேடிக்க பாக்குது. நான் வரப்புல குந்திக்கினு, எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு..."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மேல் தப்பில்லை என்று. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையாக எத்தனை வார்த்தைகள் நின்றுகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும்.

"நீ கொஞ்சம் தயங்கிட்டடா" என்றேன். "முன்னால சாஞ்ச பாரு, அங்கதான். தயங்காம இழுத்திருக்கணும்."

அவன் முகம் தெளிந்தது. உண்மையாகச் சொல்கிறேன், தெளிந்தது. "அதான பாத்தேன்" என்றான். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினான்.

"இதுல கத்துக்கறேன். புடி மாமா."

நான் தரையில் மல்லாந்து படுத்தேன். இந்த வயதில். அவன் கையை அக்குளில் இடுக்கினேன். அதற்கு மேல் என் கையை எப்படிக் கொண்டுபோவது, எந்த மணிக்கட்டை எந்தக் கை பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ராமு பிடித்த மாதிரிதான் பிடித்தேன். அவன் இழுத்தான். வந்துவிட்டது.

"வந்துடுச்சி மாமா" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். வளைந்த கையால் கண்ணைத் துடைக்கப் பார்த்தான். அது முகம் வரைக்கும் போகவில்லை.

அவன் போனதும் காசம்மாள் அடுக்களை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றாளோ. அவள் சைகோனில் என்னோடு குடித்தனம் இருந்தவள். எல்லாம் அறிந்தவள். இத்தனை வருஷம் என் மீனைக் கிண்டல் செய்தாளே தவிர, ஜப்பான்காரனைத் தொட்டதில்லை.

"யோவ், நீ அங்க அரிசி அளந்தவன்தானே?" என்றாள். கோபமே இல்லை. "நாளைக்கு நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?"

அவள் சொன்னால் உள்ளதை உள்ளபடி, ருசியில்லாமல் சொல்லிவிடுவாள். ஆகவே நானே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பதற்கு நன்றாக இருக்கும்.

இனி மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நான் காவலாளி இல்லை. சிறைச்சாலை உக்கிராணத்தில் கைதிகளுக்கு அரிசி அளந்து போட்டவன். ஜப்பான்காரன் என்னைத் தொட்டதும் இல்லை, கும்பிட்டதும் இல்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தானா என்பதே சந்தேகம். உக்கிராணத்து ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. அவன் வித்தை சொல்லிக் கொடுப்பதைப் படியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரக் காவலாளி, நல்ல வாட்டசாட்டமானவன், அந்தப் பிடியில் மாட்டிக்கொண்டான். உள்ளே வா என்று ஜப்பான்காரன் சைகை காட்டினான். அவனுக்கு ரோஷம் வந்து பின்னால் இழுத்தான். நான் அன்றைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அவன் கை தொங்கிக்கொண்டிருந்த விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே, விவரம் தெரியாமல் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பையன் நம்பிவிட்டான் என்று இதுவரை நீங்கள் நினைத்திருந்தால், அதை அடித்துவிடுங்கள். பின்னால் இழுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் அரங்கநாதனுக்கு அடுத்தபடியாக அறிந்தவன் நான் ஒருவன்தான். அறிந்துதான் கதை கட்டினேன். அறிந்துதான் அவன் காதை அடைத்தேன். அவன் என்னைப் பார்த்தபோது அறிந்துதான் தலையை ஆட்டினேன். ஒடியும் என்று தெரிந்து, ஒடியட்டும் என்று ஆட்டினேன்.

அரங்கநாதனை வெளியே விட்டுவிடுங்கள். போகும்போது என்னை அவன் பார்க்க வேண்டாம். அந்தப் பக்கமாகக் கூட்டிப் போங்கள். எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. பையன் மெய்யாகவே கொஞ்சம் தயங்கினான். தயங்காமல் இழுத்திருந்தால் வந்திருக்கும்.